பெயரை வெட்டிப் போட்ட கடிதம்

1

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. வெளியே முழங்காலளவு பனி. நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். ரெலிபோன் அடித்தது. கலிபோர்னியாவிலிருந்து நேசன்.

நேசனை நான் நேரில் கண்டதில்லை. கொம்பியூட்டர் திரையில்தான் பழக்கம். உலகம் முழுக்கச் சிதறிப்போன எங்கள் ஆட்களில் பல்கலைக்கழகத்திலும் கொம்பனிகளிலும் இருக்கிற கொஞ்சப் பேர் ஒரு செய்திக்குழுவில் எழுதிக்கொள்கிறோம். ஒருவர் ரைப் செய்து அனுப்பினால் அது நாடு நாடாக உள்ள கொம்பியூட்டர்களுக்குப் போய்ச் சேரும். எல்லோரும் வாசிக்கலாம், பதில் எழுதலாம், சண்டை பிடிக்கலாம். பெரும்பாலும் மூன்றாவதுதான் நடக்கும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், சந்தியில் பேப்பர் பார்த்துவிட்டு நடக்கும் வாக்குவாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை, சொன்ன சொல்லும் அழிவதில்லை.

"அக்கா, குழு தொடங்கி அஞ்சு வருசமாகுது. அச்சிலை ஒரு மலர் போடப்போறம். உங்கடை அந்தக் கடிதத்தை முதற் பக்கத்திலை போட விருப்பம்," என்றார் நேசன்.

"எந்தக் கடிதம்?" தெரியாததுபோலக் கேட்டேன்.

"உங்கடை அண்ணை எழுதின கடிதம். எங்கடை குழுவிலை வந்ததுகளிலை அதுதான் திறம். நான் இப்பவும் ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுறனான்."

"அது என்ரை இல்லை. என்னாலை தர ஏலாது."

"என்னக்கா நீங்கள். உலகமே வாசிச்சிட்டுது. நெற்றிலை வந்தது எல்லாருக்கும் சொந்தம்தானே?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. மகள் அறைக்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டாள். நேசன் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அண்ணையிட்டையே கேட்டுச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

அண்ணையிடம் கேட்பது. இரண்டு வருடத்துக்கு முன் நான் செய்திருக்க வேண்டிய காரியம் அதுதான். அதைச் செய்யாமல் விட்டதற்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் நான் முழுக்கச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நேசனில் எனக்குள்ள கோபம் பெரியது. என்னிலேயே உள்ள கோபம் அதைவிடப் பெரியது.

2

நான் எண்பத்தாறில் மூன்று வயது மகளோடு நோர்வேக்கு வந்தேன். அண்ணை யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் செய்கிறார். எங்களுக்குள் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா செத்த பிறகு என்னைப் படிப்பித்தவர்.

தொண்ணூறுக்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரமில்லை, ரெலிபோன் இல்லை. கடிதம் கொழும்புக்கு வருகிற யாராவது கையில் கொடுத்துவிட்டால்தான் நிச்சயம். கையில் கொடுத்துவிடுகிற கடிதத்தை எங்கள் ஆட்கள் ஒட்டுவதில்லை. ஒட்டினால் கொண்டுவருகிறவரை நம்பவில்லை என்று அர்த்தம். அதோடு வழியில் இந்தப் பக்கத்துச் சோதனையிலும் அந்தப் பக்கத்துச் சோதனையிலும் திறந்து வாசிப்பார்கள். அதனால் ஒட்டாத கடிதத்துக்கென்று ஒரு எழுத்து இருந்தது. 'இங்கு யாவரும் சுகம். மழை பரவாயில்லை. வெங்காயம் நட்டிருக்கிறோம். பிள்ளை வடிவாகப் படிக்கிறாளா?' மூன்று வருடமாக அண்ணை எனக்கு இந்த நாலு வரியைத்தான் மாற்றி மாற்றி எழுதினார். நான் அதை வைத்துக்கொண்டு, வெங்காயம் என்றால் என்ன, மழை என்றால் என்ன என்று கண்டபடி யோசிப்பேன். பிறகு தெரிந்தது, வெங்காயம் என்றால் வெங்காயம்தான்.

தொண்ணூற்று மூன்றில் அண்ணை ஒரு முறை வாய் திறந்தார். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சரஸ்வதி ரீச்சர் பென்சன் அலுவலாகக் கொழும்புக்கு வந்தபோது, தன் பஞ்சாங்கத்துக்குப் போட்டிருந்த மட்டை உறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, அங்கிருந்து எனக்குத் தபாலில் போட்டார். ஐந்து தாள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

அண்ணிக்குக் கண்ணில் அமுக்கம் கூடிக்கொண்டே போகிறது. போடுகிற துளிமருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, அரசாங்கம் அனுப்ப விடாது. கொழும்புக்குக் கொண்டுபோனால் ஒப்பரேசன் செய்யலாம். ஊரை விட்டுப் போக, ஊரில் அதிகாரம் நடத்துகிற எங்கள் பக்கத்தவர்களிடம் பாஸ் வாங்க வேண்டும். பாஸுக்கு, அவள் திரும்பி வருவாள் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். அண்ணை பிணை நிற்கிறேன் என்றால், நீ புருஷன், நீயும் போய்விடுவாய் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயம், போன முறை பிணை நின்று பட்டபாடு அவருக்கு. அண்ணை நாலு முறை போய் வரிசையில் நின்றார். நாலாம் முறை மேசையில் இருந்த ஆளிடம், 'தம்பி, கண் பிணை கேக்காது, அது தன்ரை பாட்டிலை அவியும்' என்று சொல்லிவிட்டாராம். எல்லாம் எழுதியிருந்தார். குண்டு போடுகிறவனையும் ஏசியிருந்தார், பாஸ் கொடுக்காதவனையும் ஏசியிருந்தார். ஒருவரையும் மிச்சம் விடவில்லை.

மேசையில் இருந்தவர்கள் யார் என்று நான் எழுதப் போவதில்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

3

நான் இங்கே பல்கலைக்கழகத்தில் மண்ணும் கல்லும் ஆராய்கிற பகுதியில் வேலை செய்கிறேன். கல்லுகளின் விபரத்தைக் கொம்பியூட்டரில் பதிவது என் வேலை. மதியம் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் பாண் துண்டில் மண்ணிறச் சீஸை வைத்துக் கடித்துக்கொண்டு காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். ஏழு வருடமாகியும் அவர்கள் பகிடி விட்டால் எனக்கு அரை நிமிடம் பிந்தித்தான் சிரிப்பு வரும். ஆகவே நான் திரைக்கு முன்னால் இருந்து செய்திக்குழுவை வாசிப்பேன். தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம், தமிழெழுத்து அதில் வராது. கண் குத்தும். ஆனாலும் தமிழ்.

அந்த மாதம் குழுவில் ஒரே கொந்தளிப்பு. அமெரிக்க அரசாங்கம் ரெலிபோனுக்குள் ஒரு மின்சில்லு வைக்கப் பார்க்கிறதாம். கதைப்பது மற்றவர்களுக்கு விளங்காமல் அது பூட்டிவிடுமாம். ஆனால் பூட்டைத் திறக்கிற சாவியின் பிரதி அரசாங்கத்திடம் இருக்குமாம். எங்கள் ஆட்கள் விடுவார்களா? நேசன்தான் முன்வரிசை. 'எழுதியவனுடைய அனுமதி இல்லாமல் அவனுடைய கடிதத்தைத் திறக்க உலகத்தில் ஒருவருக்கும் உரிமையில்லை' என்று எழுதினார். நான் அதைப் பார்த்துக் கைதட்டாத குறை. ஒட்டாத கடிதங்களையே வாசித்து வாழ்ந்தவளுக்கு அந்த வசனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே கிழமை, அதே குழுவில், ஊரைப் பற்றி இன்னொரு சண்டை. லண்டனில் இருந்து ஒருவர், யாழ்ப்பாணத்தில் சனம் ஒரு குறையும் சொல்லவில்லை, எல்லோரும் சந்தோஷமாகக் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதினார். ஆம், சந்தோஷமாகக் கஷ்டப்படுகிறார்கள். இன்னொருவர், அங்கே உள்ளவர்களுக்கு வாயுமில்லை மூளையுமில்லை, எல்லாரும் ஆட்டுமந்தை என்று எழுதினார். இருவரும் எண்பத்து மூன்று கலவரத்தோடு நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். அதற்குப் பிறகு கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளாதவர்கள்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. இவர்கள் இரண்டு பேருடைய வாயையும் ஒரேயடியாக மூடவேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஊர்ச் சனத்துக்காக அல்ல. அண்ணியின் கண்ணுக்காகவும் அல்ல. வாக்குவாதத்தில் வெல்லத்தான் அண்ணையின் கடிதத்தை எடுத்துவைத்து ரைப் செய்தேன். இரண்டு மதியச் சாப்பாட்டு நேரம் எடுத்தது.

4

நான் விசரியில்லை. அண்ணையின் பெயரை வெட்டினேன். ஊரின் பெயரை வெட்டினேன். ரீச்சரை வெட்டினேன், பக்கத்து வீட்டுக்காரரை வெட்டினேன், திகதியை வெட்டினேன். இனி உலகத்தில் ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது என்று திரும்பவும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

எங்கள் வீட்டில் எந்தக் கடிதமும் பிள்ளையார் சுழிக்குக் கீழே 'கொன்றையடிப் பிள்ளையார் துணை' என்றுதான் தொடங்கும். அப்பா எழுதினாலும் அப்படி, அண்ணை எழுதினாலும் அப்படி. நானும் அப்படியே அதை முதல் வரியாக ரைப் செய்தேன். மனிதர்களின் பெயரை எல்லாம் தேடித்தேடி வெட்டியவளுக்குப் பிள்ளையாரை வெட்டக் கை வரவில்லை. வெட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது எனக்குப் பெயராகவே தெரியவில்லை. கொன்றையடிப் பிள்ளையார் உலகத்தில் ஒருவர்தான். அவரைச் சுற்றி எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் கண் வருத்தக்காரி இருக்கிற வீடு ஒன்று.

கடிதத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. சிலர் அழுதார்கள். ஒருவர், இது இராணுவம் எழுதிவிட்ட கடிதம், நடையைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். ஒருவர் நான் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிய முறை பிழை என்று ஒரு பக்கம் விளக்கினார். நேசன், 'இது ஒரு ஆவணம்' என்றார். அண்ணியின் கண் இப்போது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவுமில்லை. வாக்குவாதத்தில் வென்றுவிட்டேன் அல்லவா, தலை கிறுகிறுத்துப் போயிருந்தது.

மாரி தொடங்கி முதற் பனி விழுந்த கிழமை, கொழும்பில் ஒரு கொமியூனிக்கேசன் கடையிலிருந்து சரஸ்வதி ரீச்சர் ரெலிபோன் எடுத்தார். அடுத்த பென்சன் அலுவலுக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, நீ என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?" என்றார். சுகம்கூடக் கேட்கவில்லை.

"என்ன ரீச்சர்?"

"கொண்ணையின்ரை கடிதத்தை ஊருலகத்துக்கு அடிச்சு விட்டனியோ?"

"பேர் எல்லாம் வெட்டிப்போட்டுத்தான் விட்டனான்," என்றேன்.

"லண்டனிலை ஆரோ அதைக் கடதாசியிலை எடுத்து, போட்டோக்கொப்பி அடிச்சு, அது கைமாறிக் கைமாறி இஞ்சை வந்து சேர்ந்திட்டுது. கொண்ணையைக் கூப்பிட்டு மேசையிலை வைச்சுக் காட்டினவை. இங்கிலீசு எழுத்திலை கிடந்ததாம். அவருக்கு வாசிக்கத் தெரியேல்லை. அவையே வாசிச்சுக் காட்டினவையாம். பிள்ளையார் துணை எண்டதிலையிருந்து கடைசி மட்டும்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"என்ன சொல்லுறது? ஓம், நான்தான் எழுதினனான் எண்டு சொன்னவர். பதினொரு நாள் வைச்சிருந்து விட்டவை. அடிக்கேல்லை, அது உண்மை. ஆனா பாஸ் இல்லை எண்டு போட்டினம். ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கமே வரவேண்டாமாம்."

"அண்ணிக்கு?"

"வலது கண் போட்டுது, பிள்ளை. மற்றதிலை நிழலாட்டம் தெரியுது எண்டு சொல்லுறா." பிறகு, "நான் பஞ்சாங்கத்துக்கை ஒளிச்சுக் கொண்டு வந்ததை நீ பந்தலிலை வைச்சு வாசிச்சுப் போட்டாய்" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணையிடமிருந்து வந்தவை எல்லாம் பழைய நாலு வரிக் கடிதங்கள். இங்கு யாவரும் சுகம். மழை பரவாயில்லை. தொண்ணூற்று நாலில் ஒருவழியாகப் பாஸ் கிடைத்து அண்ணியைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். இடது கண்ணில் மிச்சமிருந்ததைக் காப்பாற்றினார்கள். வலது கண்ணுக்கு, முந்தி வந்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாராம். இதையும் ரீச்சர்தான் சொன்னார். அண்ணை எனக்கு எழுதவில்லை. என்னை ஏசி ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

5

ரீச்சர் ரெலிபோனை வைத்த அடுத்த நாளே பல்கலைக்கழகக் கொம்பியூட்டர் பகுதிக்கு ஓடினேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் தாடி வைத்த, மிக மரியாதையான நோர்வேஜியர். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், பதற்றத்தில் இருந்ததும் இல்லாததும் கலந்து, இதை அழித்துத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவம் எடுத்தார்.

"எழுதியவர் நீங்களா?"

"இல்லை, என் அண்ணை."

"அப்படியானால் அழிக்கும்படி எழுதியவர் கேட்கவேண்டும். எழுத்தில், கையொப்பத்தோடு."

போடும்போது எழுதியவரின் கையொப்பம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. அழிக்கும்போது வேண்டும். அதுவும் தபால் வர இரண்டு மாதம் எடுக்கிற, வருகிற வழியில் எவரும் திறந்து வாசிக்கிற உரும்பிராயிலிருந்து. நான் அந்த மனிதரின் மேசையில் கையால் ஓங்கி அடித்தேன். அவர் பயந்துவிட்டார் போல. தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு, தான் அழித்தாலும் தங்கள் கொம்பியூட்டரில் இருப்பது மட்டும்தான் போகும், வேறு நாடுகளில் எத்தனை பிரதி இருக்கிறது என்று தனக்கே தெரியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆத்திரம்.

குழுவில் எழுதினேன். தயவுசெய்து அந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள், ஒருவருக்கு ஆபத்து வந்துவிட்டது என்று. எடுத்துவிட வேண்டுமா இல்லையா என்று இரண்டு கிழமை விவாதித்தார்கள். எழுத்துச் சுதந்திரம் என்றார்கள். வரலாறு என்றார்கள். விவாதத்தில் பதில் எழுதிய ஒவ்வொருவரும் கடிதத்தை முழுதாகத் தன் பதிலுக்குக் கீழே ஒட்டி அனுப்பினார். ஒன்றாக இருந்தது இருபதாகிவிட்டது.

அந்த மாரியில்தான் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு படிவம் வந்தது. வகுப்புப் படத்தைப் பள்ளிக்கூடப் பத்திரிகையில் போடப் போகிறார்களாம். அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமாம், பிள்ளையின் சம்மதமும் வேண்டுமாம். இரண்டு கையொப்பம்.

"ஒரு படம் போட இவ்வளவு எழுப்பமோ?" என்றேன்.

மகள் தமிழைத் தேடித்தேடிப் பொறுக்கினாள். "என்ரை முகம்தானே அம்மா. கேக்கத்தானே வேணும்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னாள். கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கவேண்டும் போல இருந்தது. கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

6

நேசன் கேட்டதற்குப் பிறகு நான் அண்ணைக்கு எழுதினேன். இப்போது சமாதானப் பேச்சு நடக்கிறது, தபால் கொஞ்சம் ஓடுகிறது. முதல் முறையாக மன்னிப்புக் கேட்டேன். மூன்று தாள் கிழித்துப்போட்டு நாலாவது தாளில். பிறகு நேசன் கேட்டதை எழுதினேன். இல்லை என்று ஒரு சொல் எழுதினாலே போதும், நான் அவர்களை ஒரு கை பார்க்கிறேன் என்று முடித்தேன்.

பங்குனி நடுவில் பதில் வந்தது. ஒரு தாள்.

'தங்கச்சி, உன்னில் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அது கிடக்கட்டும். கடிதத்தைப் போட விரும்பினால் போடச் சொல்லு. ஆனால் இந்த முறை என் பெயரைப் போட்டுப் போடச் சொல்லு. அறிய வேண்டியவர்கள் எப்போதோ அறிந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நான் எழுதினேன் என்று ஒத்துக்கொண்டவன். இனி நீ யாருக்கு மறைக்கிறாய்? வெளிநாட்டில் வாசிக்கிறவர்களுக்கு மட்டும்தான் நான் பெயரில்லாத ஆள். இதை நான் எழுதும்போது உன் அண்ணி பக்கத்தில்தான் இருக்கிறாள். தன் கண் போனதை யாரோ ஒருத்தியின் கண் என்று அவர்கள் நினைத்து உச்சுக்கொட்டக் கூடாதாம். அவள் பெயரையும் போடச் சொல்லு.'

அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அழுதேன். பிறகு நேசனுக்கு எடுத்தேன்.

"அண்ணை ஓம் எண்டிட்டார். ஆனா பேரோடை போடவேணுமாம். ரெண்டு பேற்றை பேரும், ஊரும்."

"அக்கா, பேரோடை எண்டால் கொஞ்சம் கஷ்டம்," என்றார்.

"ஆருக்குக் கஷ்டம்?"

"இல்லை, மலர் வெளியீட்டுக்கு எல்லா ஆக்களும் வருவினம். மண்டபம் ஒழுங்குபடுத்தித் தாறவையும் இருக்கினம். பேரில்லாமல் எண்டால் அது பொதுவாச் சனத்தின்ரை கதை. பேர் வந்தா, ஆர் ஆரைக் குற்றம் சொல்லுறது எண்டு வரும். எங்களுக்கும் ஊரிலை சொந்தக்காரர் இருக்கினம்தானே அக்கா."

"என்ரை அண்ணைக்கு ஊரிலை ஆர் இருக்கினம், நேசன்? அவரே ஊரிலைதான் இருக்கிறார்."

"நீங்கள் உணர்ச்சிவசப்படுறியள்."

"ஓம், படுறன். எழுதினவனைக் கேக்காமல் கடிதத்தைத் திறக்க ஒருத்தருக்கும் உரிமையில்லை எண்டு எழுதினது நீங்கள். கேக்காமல் இருக்கேக்கை ஆவணம். கேட்டு, அவர் ஓம் எண்டு பேரையும் தந்த பிறகு கஷ்டமோ?"

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வைத்துவிட்டேன். மலர் அண்ணையின் கடிதம் இல்லாமல் வரும். முதற் பக்கத்தில் வேறு ஏதாவது திறமான சாமான் இருக்கும்.

ஆகவே இதைப் பத்திரிகை ஆசிரியரான உங்களுக்கு எழுதுகிறேன். அச்சிடுவீர்களோ தெரியாது. அச்சிட்டால் என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் இந்தக் குளிருக்குள் பத்திரமாக இருக்கிறவள். ஆனால் நான் வெட்டிய இரண்டு பெயரையும் வெட்டாமல் போடுங்கள். எழுதியவர் உரும்பிராய், கந்தையா தருமலிங்கம், தோட்டக்காரர். கண்ணை இழந்தவர் அவருடைய மனைவி தருமலிங்கம் பராசக்தி. இந்த முறை கேட்டுத்தான் எழுதுகிறேன்.